எல்லாரும் மேடையேறிட்டா, கீழே யாருங்க உட்காருறது?

எங்க மல்லாங்கிணற்றில் அம்மன் கோவில் பொங்கலுக்கு 'வள்ளி திருமணம்' நாடகம் என்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாப் பக்கத்தில், மாடி வீட்டு உயரத்துக்கு. நின்று தேடுகிறேன், வள்ளியைக் காணோம். முருகனையும் காணோம். விழாக் கமிட்டித் தலைவர் கும்பிடுகிறார். உபயதாரர்கள் வரிசையாகக் கும்பிடுகிறார்கள். ஒருத்தர் செல்போனில் பேசிக்கொண்டே கும்பிடுகிறார், அது எப்படி முடிகிறதோ. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கிறார்கள். போன மாசம் மொட்டை போட்ட கைக்குழந்தைக்குக்கூட ஒரு வட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கீழே, ஓரத்தில், ஸ்டாம்பு சைஸில் மூன்று முகம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன். பேரைப் படிக்க வண்டியை விட்டு இறங்கிப் போகணும்.

சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அச்சுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. முன்னே நாடக நோட்டீஸ் ரோஸ் தாளில் வரும், மஞ்சள் தாளில் வரும். நடுவில் ராஜபார்ட் போட்டோ, பேருக்கு முன்னால் ரெண்டு வரிக்குப் பட்டம். ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார், எந்த ஊர் என்று எல்லாம் இருக்கும். அதைப் படித்துவிட்டு, "ஓ, இவரு ஆர்மோனியமா? அப்ப போகலாம்ப்பா" என்று முடிவு பண்ணுவார்கள். இப்போது ஃப்ளெக்ஸைப் பார்த்தால் நடிக்கப் போவது யார் என்றே சந்தேகம் வந்துவிடுகிறது.

சந்தேகமே வேண்டாம். நடிக்கப் போவது அந்தக் கும்பிடுகிறவர்கள்தான்.

நாடகம் பத்து மணிக்கு. பத்து மணிக்கு மேடையில் ஏறியது நாரதர் இல்லை, பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர் போர்த்த, செயலாளருக்குப் பொருளாளர் போர்த்த, பொருளாளருக்கு யார் போர்த்துவது என்று தெரியாமல் மறுபடி தலைவர் வந்து போர்த்த... போட்டோகிராபர் வேற, "அண்ணாச்சி, இன்னொரு தடவை போர்த்துங்க, ஃபிளாஷ் அடிக்கல" என்கிறார். மறுபடியும் எடுத்துப் போர்த்துகிறார்கள்! சீன் படுதாவுக்குப் பின்னால் நாரதர் முழு மேக்கப்பில், கழுத்தில் மாலையோடு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பங்குனி வெக்கை. சந்தனம் எல்லாம் வழிந்து நெஞ்சுக்கு வந்துவிட்டது. மூணு லோகத்தையும் நினைத்த நேரத்தில் சுற்றுகிறவரை எங்கள் கமிட்டி ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கு, கேளுங்க. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரி நாட்களுக்கு மாநில அரசு தளர்த்தலாம், அதுவும் 12 மணி வரைக்கும்தான், வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாமல். நம்ம ஸ்பெஷல் நாடகம் ஆரம்பிக்கிறதே ராத்திரி 10 மணிக்கு. முருகன் வள்ளிக்குத் தாலி கட்டும்போது கிழக்கு வெளுத்திருக்கும். சட்டப்படி பார்த்தால் அது நடக்கவே முடியாத கல்யாணம்! விதியைத் தப்பு என்று சொல்லவில்லை. பங்குனி மாசம் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். போலீஸ்காரர் வந்து, "அண்ணே, சீக்கிரம் முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அதுவும் சரிதான். ஆனால் கையில் இருப்பதே குறைச்சலான நேரம் என்றால், எதை வெட்டுவது? பொன்னாடையையா? அது எப்படிங்க முடியும்! நாரதர் வாயைத்தான் வெட்டுவார்கள்.

அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஸ்பெஷல் நாடகத்தின் உயிரே தர்க்கம். உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்த நாடகத்துக்கு ரிகர்சல் கிடையாது, டைரக்டர் கிடையாது. வள்ளி மதுரையில் இருந்து வருவார், நாரதர் புதுக்கோட்டையில் இருந்து வருவார், பபூன் திண்டுக்கல்லில் பஸ் ஏறுவார். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுக்கணும். சில சமயம் மேடையில்தான் ஒருத்தரை ஒருத்தர் முதல் தடவையாகப் பார்ப்பார்கள். பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த கதையும் பாட்டும். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922-ல் புதுச்சேரியில் இறந்து போனவர். அவர் போட்ட பாதையில் இன்னும் வண்டி ஓடுகிறது. நாரதர் வந்து, "பெண்ணே, உனக்குக் கல்யாணம் வேண்டாமா?" என்று கிளறிவிடுவார். வள்ளி மடக்குவாள். இவர் புராணத்தில் இருந்து ஒன்றை எடுத்துப் போட, அவள் குறளில் இருந்து ஒன்றை எடுத்துப் போடுவாள். அடுத்த வார்த்தை என்ன என்று அவர்களுக்கே தெரியாது.

அப்போ தீர்ப்புச் சொன்னது யார்? முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த நம்ம பெருசுங்க. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத சம்சாரிகள். ஆனால் ராகம் இடறினால் தலை திரும்பும். பதில் சரியாக விழுந்தால், "அப்பிடிப் போடு தாயீ!" என்று ஒரு சத்தம். பதில் சொதப்பலாக இருந்தால் சத்தமே வராது, தொண்டையைச் செருமுவார்கள். அந்தச் செருமலுக்கு நடிகர்கள் பயப்படுவார்கள். "உங்க காரியாபட்டிப் பக்கம் நாடகம்னா முந்தின நாளே நாலு விருத்தம் நெட்டுருப் போட்டுட்டுத்தான் வருவோம்" என்று ஒரு பழைய ராஜபார்ட் என்னிடம் சொல்லியிருக்கிறார். கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதையே நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் இப்போது முன்வரிசையில் பிளாஸ்டிக் சேர். சேரில் பையன்கள். பையன்கள் கையில் போன். ஒருத்தனும் மேடையைப் பார்க்கவில்லைங்க. மேடை சரியாக ஃப்ரேமில் விழுகிறதா என்று பார்க்கிறான். நாரதர் ஒரு கட்டத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, "மூவுலகமும் சுத்தி வந்தேன், இந்த ஊர்லதான் முகம் இருக்குற இடத்துல எல்லாருக்கும் கை இருக்கு" என்றார். நல்ல அடி. பெருசுங்க இருந்திருந்தால் ரெண்டு நிமிஷம் சிரிப்பு அடங்கியிருக்காது. பையன்கள் அதையும் ரெக்கார்டு பண்ணினார்கள். சிரிக்கவில்லை. சிரித்தால் கை ஆடுமாம்.

சரி, போன் போகட்டும். நடு நடுவே மைக்கில் வரும் அறிவிப்பு இருக்கே! நாரதர் கேட்ட கேள்விக்கு வள்ளி மூச்சை இழுத்துப் பாட வாயைத் திறக்கிறார். டக்கென்று மைக் செட்காரர் உள்ளே வருகிறார்: "டோலக் கலைஞரின் வாசிப்பைப் பாராட்டி நம்ம பட்டாசுக் கடை அண்ணாச்சி 200 ரூபாய் அன்பளிப்பு!" அதற்கு வள்ளி, திறந்த வாயோடு, கையெடுத்துக் கும்பிடணும். அன்பளிப்பு பழைய வழக்கம்தான், அதில் பாதிக் குடும்பம் ஓடுகிறது, கொடுக்கிற கையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் நேரம் காலம் வேண்டாமா? கொடுப்பது டோலக் கேட்டுச் சொக்கிப் போயா, இல்லை பேரைக் கேட்கவா? இதில் நம்ம ஊர் ஸ்பெஷாலிட்டி வேற. யாரோ ஒரு புண்ணியவான் தர்க்கத்தின் நடுவில் பந்தலுக்குப் பின்னால் சரவெடியைக் கொளுத்திப் போடுகிறார். பத்தாயிரம் வாலா. இந்தப் பக்கம் பட்டாசுக்குப் பஞ்சமா? வெடித்து முடிக்கிற வரைக்கும் நாரதர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். புகை அடங்கும்போது கேள்வி என்ன என்பது எல்லோருக்கும் மறந்துவிட்டது.

அப்புறம் ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். கையில் 500 ரூபாய், ஊக்கு. நேரே போய் டான்ஸ் ஆடுகிற பெண்ணின் தோளில் குத்தப் போனார். அந்த அம்மா ஆட்டத்தை விடாமலே அரை அடி நகர்ந்து, நோட்டைக் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, பபூன் சட்டையில் குத்தினார் பாருங்க... அன்றைக்கு நான் பார்த்ததில் அதுதான் நடிப்பு! இந்த மாதிரி அரை அடி நகரும் வித்தைகளை எல்லாம் ஒரு அமெரிக்கப் பெண்மணி மதுரையில் தங்கிக் கவனித்து, 2005-ல் ஒரு பெரிய புத்தகமாகவே போட்டிருக்கிறார். சூசன் சீஸர் என்று பேர். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் ஆடும் பெண்கள், மேடைக்கு வெளியே யார் கண்ணிலும் படாமல் ஊருக்குள் வந்து போக எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். வெளிநாட்டுக்காரருக்குத் தெரிந்தது நோட்டுக் குத்தப் போன நம்மாளுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும், "காசு குடுத்திருக்கோம்ல?" என்பார்.

இந்த 'காசு குடுத்திருக்கோம்ல'தான் எல்லா வியாதிக்கும் வேர்.

இதை எல்லாம் புலம்பினால் என் அக்கா மகன் சிரிக்கிறான். அமெரிக்காவில் ஐடி வேலை. "மாமா, நீங்க பழைய ஆளு. இப்ப உலகம் பூரா இதான் டிரெண்டு. ஆடியன்ஸ் சும்மா உட்கார்ந்து பாக்குறதெல்லாம் போயிருச்சு. இம்மர்சிவ் தியேட்டர்னு பேரு. நாடகத்துக்குள்ளயே நீங்க நடந்து போகலாம், நடிகர் பக்கத்துல வந்து உங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு" என்கிறான். நியூயார்க்கில் 'ஸ்லீப் நோ மோர்' என்று ஒன்று பார்த்தானாம். 2011-ல் தொடங்கி 2025 ஜனவரி வரை ஓடியது. லண்டனைச் சேர்ந்த பஞ்ச்டிரங்க் என்ற குழு செய்தது. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் கதையை ஒரு பெரிய கட்டிடம் முழுக்கப் பரப்பி வைத்து, பார்க்க வருகிறவர்கள் மாடி மாடியாக அலைந்து, யார் பின்னால் வேண்டுமானாலும் போய்க் கதையைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியது. டிக்கெட் விலையைச் சொன்னான், எனக்கு நம்ம ஊர் ரூபாயில் கணக்குப் போடவே மனசு வரவில்லை.

"ஏம்ப்பா, இதுல என்ன புதுசு?" என்று கேட்டேன். வடக்கே திருவண்ணாமலை, செங்கல்பட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோவில் படுகளம் பார்த்திருக்கிறாயா? மண்ணால் துரியோதனனைப் பெரிசாகப் படுக்க வைத்து, அவனைச் சுற்றிக் கூத்துக்காரர்கள் ஓடி அடித்துச் சண்டை போட, ஊரே அந்தக் களத்துக்குள் நிற்கும். யார் பார்ப்பவர், யார் ஆடுபவர் என்று பிரிக்க முடியாது. சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள், கேட்டிருக்கிறாயா? சனீஸ்வரன் வேஷம் கட்டி ஆடிவிட்டு, விடிகாலையில் வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனாராம். எதிரே வந்த பெண் ஒருத்தி நிஜச் சனீஸ்வரனே வந்துவிட்டதாக நினைத்து, பயத்தில் உயிரையே விட்டுவிட்டாள் என்று. அதற்குப் பிறகு மனுஷன் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டு, எழுதிக் கொடுக்கும் வாத்தியாராக மாறிவிட்டார் என்பார்கள். நாடகம் மேடையை விட்டு இறங்கித் தண்ணீர்க்கரை வரைக்கும் வந்திருக்கிறது. இதைவிட என்னப்பா உள்ளே போகணும்?

அவன் விடவில்லை. "அது இல்ல மாமா, அங்க ஆடியன்ஸுக்கு ஃப்ரீடம்" என்றான். சரி, என்ன ஃப்ரீடம் என்று விசாரித்தால்... உள்ளே நுழைந்ததும் முகத்துக்கு முகமூடி. பேசக்கூடாது. போனை ஒரு பைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள்! கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். நாடகத்துக்குள்ளே ஆளை விடணும் என்றால் முதலில் வாயையும் போனையும் பிடுங்கணும் என்று அந்த ஊர்க்காரன் கண்டுபிடித்திருக்கிறான். அதுவும் முழுசாகப் பலிக்கவில்லை. முகமூடி போட்ட தைரியத்தில் நடிகைகளையும் நடிகர்களையும் பார்வையாளர்கள் தடவிப் பார்த்ததாக 2018-ல் அங்கே பெரிய செய்தியாக வந்தது. நியூயார்க்கில் முகமூடி, நம்ம ஊரில் 500 ரூபாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

உள்ளே போவது சும்மா நடக்கிற காரியம் இல்லைங்க. எதையாவது கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நம்ம பெருசுங்க ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்தார்கள். மறுநாள் பருத்திக் காட்டில் குனியணும், தீப்பெட்டி ஆபீசுக்கு வேன் ஏறணும். தெரிந்தேதான் உட்கார்ந்தார்கள். அந்தத் தூக்கத்தை முதலாகப் போட்டவனுக்குத்தான் செருமுகிற உரிமை. 500 ரூபாயை நீட்டிவிட்டு ஒன்றரை மணிக்கு வண்டியைக் கிளப்புகிறவனுக்கு என்ன உரிமை?

உயிரையே முதலாகப் போட்டவர் கதை ஒன்று நம்ம விருதுநகர் ஜில்லாவிலேயே இருக்கிறது. சிவகாசியில் 1886-ல் பிறந்தவர் தியாகி விஸ்வநாததாஸ். திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முருகன் வேஷம் என்றால் அவர்தான். வெள்ளைக்காரன் காலம். 'வள்ளி திருமணம்' தினைப்புனத்துக் கதை, அதில் பறவைக்கா பஞ்சம்? வெள்ளைக் கொக்கு பறக்கிறது என்று ஒரு பாட்டை எடுத்துவிடுவார். அந்தக் கொக்கு எது என்று கொட்டகையில் யாருக்கும் யாரும் விளக்கவில்லை. வேட்டி கட்டினவனுக்கும் தெரியும், காக்கி நிஜார் போட்டு ஓரத்தில் நின்றவனுக்கும் தெரியும். ஜனங்கள் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்குவார்கள். பாடினால் அவரைப் பிடித்துப் போவான் என்று தெரிந்துதான் கேட்பார்கள். பிடித்துப் போவான் என்று தெரிந்துதான் அவரும் பாடுவார். எத்தனையோ தடவை ஜெயிலுக்குப் போய்விட்டு வந்து மறுபடி அதே வேஷம், அதே கொக்கு. கை தட்டினவனும் குற்றத்தில் பங்காளி. நடிகனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில் அப்படி ஒரு ரகசியம் இருந்தது.

அழகாக மட்டும் சொல்லிவிட்டால் பொய்யாகிவிடும். அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக, அவரோடு வள்ளியாக நடிக்க மாட்டேன் என்று மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். அந்தக் காலத்து மேடை ஒன்றும் சொர்க்கம் இல்லை. அதையும் தாங்கிக்கொண்டு ஆடினார். 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னையில், முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் போனது. திருமங்கலத்தில் நினைவு இல்லம் இருக்கிறது. மதுரைக்கு ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் வழியில் இறங்கி ஒரு எட்டுப் பார்க்கலாம். எங்கே, ரோட்டோரம் பரோட்டா சாப்பிட மட்டும்தான் இறங்குகிறோம்.

எம்.ஆர். ராதா இன்னொரு ரகம். 'ரத்தக்கண்ணீர்' மேடையில் அன்றைக்குக் காலைப் பேப்பரில் வந்த செய்தியை அன்றைக்கு ராத்திரியே கிழித்துத் தோரணம் கட்டுவார். கீழே இருந்து ஒருத்தன் குரல் கொடுத்தால், அவனுக்குத் தனி அர்ச்சனை. பார்வையாளர்தான் ராஜா என்று அந்த மனுஷர் ஒத்துக்கொண்டதே இல்லை. அப்படித் திட்டு வாங்கியும் ஜனங்கள் மறுபடி மறுபடி போனார்கள். அந்த மாதிரி நாடகங்களுக்குக் கடிவாளம் போட 1954-ல் அரசாங்கம் ஒரு சட்டமே கொண்டுவந்தது. அதன் முக்கியமான பிரிவுகளை உடைக்க நாடகக்காரர் ஞாநி கோர்ட்டுக்குப் போக, 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. ஒரு காலத்தில் நாடகத்தைக் கண்டு சர்க்கார் பயந்தது. இப்போது சர்க்கார் எதற்குப் பயப்படணும்? வாயை அடைக்கத்தான் நம்ம பத்தாயிரம் வாலா இருக்கே!

விடியக்காலை டீக்கடையில் அந்த பபூன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பவுடர் பாதி போய், பாதி ஒட்டிக்கொண்டு. "நல்லா பண்ணுனீங்கண்ணே" என்றேன். "எங்க அண்ணாச்சி..." என்று இழுத்தார். "முன்ன ஒரு ஜோக்கு புடிச்சேன்னா, பங்குனி, சித்திரை, வைகாசி பூரா அத வச்சு ஓட்டிருவேன். ஒவ்வொரு ஊர்லயும் கொஞ்சம் கொஞ்சமா இழைச்சு இழைச்சு, ஆனியில அது நல்லா வந்திருக்கும். இப்ப ராத்திரி சொன்னா காலைல ஊரு பூரா போயிருது. அடுத்த ஊர்ல வாயத் தொறக்கும் முன்ன, 'இது பழசு, வேற சொல்லு'ங்கிறான். ஒரு நாளைக்கு ஒரு புது ஜோக்குக்கு நான் எங்கண்ணே போவேன்?" அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பழக்க தோஷம்.

டான்ஸ் ஆடின அந்த அம்மாவுக்கு வேறு கவலை. மகள் காலேஜில் படிக்கிறாளாம். போன வருஷம் எவனோ எடுத்த முப்பது செகண்ட் வீடியோ, கன்னாபின்னாவென்று கமெண்டோடு, சுற்றிச் சுற்றி அந்தக் காலேஜுக்கே போயிருக்கிறது. ராத்திரி பூரா ஆடினதில் அந்த முப்பது செகண்ட். அதுவும் எந்த முப்பது செகண்ட் என்று நான் சொல்லணுமா? "வேன்ல ஜன்னல் ஸ்கிரீனைப் போட்டுட்டு ஊருக்குப் போயிருவோம்ண்ணே, முன்ன மேடையோட போயிரும். இப்ப போகமாட்டேங்குது" என்றார். நான் டீக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது?

இவர்களுக்கு சீசன் என்பதே தையில் இருந்து ஆடி வரைக்கும்தான். அதில் பங்குனியும் சித்திரையும்தான் அறுவடை. 2020-ல் கொரோனா சரியாக அந்த ரெண்டு மாசத்தைத்தான் தின்றது. அன்றைக்கு நின்றுபோன ஊர்கள் சிலதில் நாடகம் திரும்பி வரவே இல்லை. அந்தத் தேதியில் இப்போது 'ஆடல் பாடல்'. அதற்கு அனுமதி வாங்கக் கமிட்டிகள் மதுரை ஹைகோர்ட் கிளை வரைக்கும் போவதும், ஆபாசம் கூடாது, சாதி கட்சிப் பாட்டு கூடாது என்று கோர்ட் நிபந்தனை போட்டு அனுப்புவதும் வருஷா வருஷம் நடக்கிறது. ஒரு திருவிழாவில் என்ன ஆடணும், எப்படிப் பார்க்கணும் என்று ஜட்ஜ் சொல்லித் தரவேண்டிய நிலைமை. முன்னே இதை ஒரு செருமலில் முடித்தார்கள்.

நாடகம் மட்டும்தான் இப்படி என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். கல்யாண வீட்டுக்குப் போங்கள். பொண்ணு மாப்பிள்ளை எதிரிலேயே இருக்கிறார்கள், கேமராக்காரர்கள் முதுகுதான் தெரியும், நாம் எல்இடி ஸ்கிரீனைப் பார்த்து அட்சதை போடுகிறோம். ஸ்கூல் ஆண்டு விழா? பிள்ளை மேடையில் இருந்து அப்பனைத் தேடுகிறது, அப்பன் முகத்தில் போன். எங்கள் ஊரில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனுக்கு 2018-ல் சாகித்ய அகாடமி விருது வந்தது, 'சஞ்சாரம்' நாவலுக்கு. கரிசல் நாதஸ்வரக்காரர்கள் கதை. திருவிழாவில் வாசிக்க வந்த கலைஞனை ஊர் எப்படி நடத்துகிறது என்பதுதான் அதில் நெஞ்சை அறுக்கும். விருது வந்ததும் வாட்ஸ்அப்பில் எல்லோரும் பெருமைப்பட்டோம். அப்புறம் அதே நாதஸ்வரக்காரர் முகூர்த்த நேரத்தில் வாசிக்கும்போது டிஜேகாரனிடம், "சவுண்டக் கூட்டுப்பா" என்கிறோம். இலக்கியக் கூட்டம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மேடையில் வாழ்த்துரை, சிறப்புரை, கருத்துரை, ஏற்புரை என்று ஒரு டஜன் பேர். கீழே அவர்களைக் கூட்டிவந்த டிரைவர்கள்.

கேட்பதற்கு ஆள் இல்லைங்க. பேச, ஆட, போர்த்திக்கொள்ள, லைவ் போட எல்லோரும் ரெடி. பார்க்கிறவன் என்ற பதவி இப்போது யாருக்கும் வேண்டாம். நடிகன் கலைஞனாக ஆனதே அந்தப் பதவியில் ஆள் இருந்ததால்தான். தர்க்கத்தை யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தால், அடுத்த வருஷம் நாரதர் எதற்கு நாலு விருத்தம் நெட்டுருப் போடப் போகிறார்? அன்றைக்கே பார்த்தேன், பபூன் டான்ஸ் முடிந்ததும் பாதிச் சேர் காலி. வள்ளி யாருக்கு விடை சொன்னார் தெரியுமா? மூணு கிழவிகள், ஒரு சுண்டல் வண்டி, நான்.

கமிட்டிக்காரங்களே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். நாடகம் போடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் இவ்வளவு வசூல் பண்ணி, அலைந்து, அனுமதி வாங்கிப் போடவில்லை என்றால் எனக்குப் புலம்பக்கூட ஒன்றும் இருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் பொன்னாடையைச் சாயங்காலப் பூஜையிலேயே முடித்துவிடுங்கள். மேடையைச் சரியாகப் பத்து மணிக்கு நாரதர் கையில் கொடுங்கள். அன்பளிப்பை பபூன் டான்ஸ் நேரத்தில் மொத்தமாக வாசித்துவிடுங்கள், தர்க்கம் ஆரம்பித்தால் மைக் செட்காரர் வாயைத் திறக்கக்கூடாது. யாரும் மேடை ஏறி ஊக்குக் குத்தக்கூடாது, கொடுப்பதை உண்டியல் மாதிரி ஒரு தட்டில் போடட்டும். சரவெடியைச் சாமி ஊர்வலத்தில் போட்டுத் தீர்த்துவிடுங்கள். ஃப்ளெக்ஸில் உங்கள் படத்தை எவ்வளவு பெரிசாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வள்ளி முகமாவது ரோட்டில் போகிறவனுக்குத் தெரியட்டும்.

படிக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த பங்குனியில் உங்கள் ஊரில் நாடகம் நடந்தால், டான்ஸோடு எழுந்துவிடாமல் தர்க்கம் முடிகிற வரைக்கும் உட்காருங்கள். பதில் நன்றாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். மோசமாக இருந்தால் தாராளமாகச் செருமுங்கள். மல்லாங்கிணற்றுக்கு வருகிறீர்கள் என்றால் பாய் நான் கொண்டுவருகிறேன். போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாங்க.